ராலி காருக்கு எந்த சஸ்பென்ஷன்? மண், தார், பனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராலி ஓட்டத் தொடங்குபவர்களும் அவர்களுக்குக் கார் தயார் செய்பவர்களும் சஸ்பென்ஷன் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முன்சக்கர இயக்கமுள்ள சாதாரண ஹேட்ச்பேக், செடான் கார்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நம் ஊர் ராலிகளில் அதிகம் ஓடுவது அவைதான். உலக ராலி சாம்பியன்ஷிப் கார்களைப் பற்றிப் பேசும் இடங்களில், ஒரு விஷயம் ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று காட்டுவதற்காகத்தான் பேசுகிறேன். அந்தக் கார்களின் செட்டிங்கை அப்படியே எடுத்துப் போட்டால் நம் காருக்குப் பொருந்தாது.

மண்ணுக்கு ஒரு செட், தாருக்கு ஒரு செட் என்று இரண்டு வாங்க வேண்டுமா?

இரண்டிலும் ஓட்டப் போகிறீர்கள், காசும் இருக்கிறது என்றால் வாங்குங்கள். "எல்லா ரோட்டுக்கும் ஏற்றது" என்று விற்கப்படுவது பெரும்பாலும் எல்லா ரோட்டிலும் சுமாராகத்தான் இருக்கும்.

ஸ்பெயினின் கட்டலோனியா ராலியைப் பாருங்கள். 2017 முதல் 2019 வரை அங்கே வெள்ளிக்கிழமை பெரும்பாலும் மண் ஸ்டேஜ்கள் (நேரம் குறித்து ஓட்டும் மூடிய ரோட்டுப் பகுதிகள்), சனியும் ஞாயிறும் தார். வெள்ளி மாலை சர்வீஸில் மெக்கானிக்குகளுக்கு 75 நிமிடம் கிடைக்கும். அதற்குள் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஸ்பிரிங், பிரேக், சக்கரம் என்று காரின் அடிப்பாகத்தில் பாதியைக் கழற்றி மாற்றிவிடுவார்கள். டேம்பரின் திருகைச் சில கிளிக் திருப்பி, உயரத்தை இறக்கினால் போதும் என்றால் அந்த அணிகள் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு செட்டுக்குத்தான் வழி என்றால், யோசிக்காமல் மண் செட்டை வாங்குங்கள். மண்ணுக்குச் செய்த நீள டேம்பரைக் கொஞ்சம் இறக்கி, கடினமான ஸ்பிரிங் போட்டு ஒரு தார் ராலியை ஒப்பேற்றிவிடலாம். சில விநாடிகள் போகும், அவ்வளவுதான். தாருக்குச் செய்த குட்டை டேம்பரை உயர்த்திக்கொண்டு மண்ணுக்குப் போனால் கதை வேறு. தண்டு ஏற்கெனவே முழுக்க நீண்டு நிற்கும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. சக்கரம் அந்தரத்தில் சுற்றும், இல்லையென்றால் டேம்பரின் உட்பாகம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடிவாங்கி உடையும்.

மண்ணில் சஸ்பென்ஷன் மென்மையாக இருந்தால் வேகம் குறையாதா?

கூடும். புதிதாக வருபவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இதுதான். ரேஸ் டிராக்கில் பழகிய கண்ணுக்கு, உருண்டு சாய்ந்து போகும் கார் மெதுவான கார் மாதிரித் தெரியும். ஆனால் பிரேக், திருப்பம், இழுவை எல்லாமே டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கும். கரடுமுரடான ரோட்டில் கடினமான கார் மேட்டில் பட்டுத் துள்ளும். துள்ளும் நேரமெல்லாம் பிடிப்பு இல்லாத நேரம். மென்மையான கார் அதே மேட்டின் மேல் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கிவிட்டு, உடலை அதன் பாட்டுக்கு விட்டுவிடும்.

இன்னொரு பலனும் உண்டு. மண்ணில் திருப்பத்துக்கு முன் காரை ஒரு பக்கம் சாய்த்து, எடையை மாற்றித்தான் பின்பக்கத்தை வீசுகிறோம். கார் சாயவே மாட்டேன் என்றால் எடை மாற்றத்தை ஓட்டுநரால் உணரவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது. ஆனால் மென்மை என்று நான் சொல்வது ஸ்பிரிங்கையும் ஆன்ட்டி ரோல் பாரையும் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி)தான். டேம்பிங், அதாவது ஷாக் ஆட்டத்தை அடக்கும் பிடி, தளர்வாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. மென்மையான ஸ்பிரிங்கோடு சோம்பலான ஷாக்கும் சேர்ந்தால் அது பழைய டாக்ஸி.

ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? ஒரு எண் சொல்லுங்கள்.

எண் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. முன்பக்க ஒரு மூலையில் சக்கரம், பிரேக் போன்றவற்றைத் தவிர்த்து ஸ்பிரிங் சுமக்கும் எடை 300 கிலோ என்று வைப்போம். சக்கரத்தில் அளந்தால் ஒரு மி.மீ. அமுங்க 30 நியூட்டன் தேவைப்படும் ஸ்பிரிங் போட்டால், அந்த மூலை விநாடிக்குச் சுமார் 1.6 முறை ஆடும். 60 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் சுமார் 2.25 முறை. வீட்டுக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 வரைக்குள் இருக்கும். கரடான மண்ணுக்கு 1.5 முதல் 1.8 வரை, வேகமான வழவழ மண்ணுக்கு 2 பக்கம், தாருக்கு 2.2க்கு மேல் என்று தொடங்கலாம். இது என் தொடக்கப் புள்ளி, சட்டம் இல்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 30 நியூட்டன் ஸ்பிரிங், கார் சும்மா நிற்கும்போதே 98 மி.மீ. அமுங்கியிருக்கும். 60 நியூட்டன் என்றால் 49 மி.மீ.தான். ஆக, மண் காரில் சக்கரம் பள்ளத்துக்குள் கிட்டத்தட்ட 10 செ.மீ. இறங்கும்வரை ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். தார் ஸ்பிரிங் பாதியிலேயே கைவிட்டுவிடும். மண்ணில் மென்மையான ஸ்பிரிங்கும் நீண்ட டிராவலும் ஒன்றாகவே வருவதன் காரணம் இதுதான். டிராவல் என்பது சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவான ராலி1க்கு 2022இல் வந்த விதிகள் இதற்கு 270 மி.மீ. என்று வரம்பு போட்டன. நம் மாதிரிக் காரில் 180 முதல் 200 மி.மீ. நல்லபடியாகக் கிடைத்தால் சந்தோஷப்படலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் மேல் எழுதியிருக்கும் எண்ணும் சக்கரத்தில் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. முன்பக்க மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் போலோ போன்ற கார்களில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும். சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 8 மி.மீ.தான் நகர்கிறது என்றால், 40 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 25.6 நியூட்டனாகத்தான் தெரியும். 0.8ஐ இருமுறை பெருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே எண் ஸ்பிரிங் வாங்கிவிட்டு, "பின்பக்கம் ஏன் இப்படித் தொங்குகிறது" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

கையில் காசு குறைவு. ஸ்பிரிங்கா, ஷாக்கா, எதில் போடுவது?

ஷாக்கில். அதாவது டேம்பரில். நல்ல டேம்பரோடு சுமாரான ஸ்பிரிங் ஓடும். சுமாரான டேம்பரோடு உலகத்தரமான ஸ்பிரிங் போட்டாலும் ஓடாது.

டேம்பர் செய்யும் வேலை ஆட்டத்தைச் சூடாக மாற்றுவது. தார் ரோட்டு வீட்டுக் காரில் அந்தச் சூடு கொஞ்சம்தான். கரடான மண் ஸ்டேஜில் 15, 20 கி.மீ. இடைவிடாமல் அடிவாங்கும்போது எண்ணெய் கொதிக்கும் அளவுக்குச் சூடாகி, மெலிந்து, நுரைத்துப்போகும். ஸ்டேஜின் முதல் 5 கி.மீ. நன்றாக இருந்த கார் கடைசி 5 கி.மீ.யில் படகு மாதிரி ஆடினால் அதுதான் காரணம். எண்ணெயையும் நைட்ரஜன் வாயுவையும் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் ஒற்றைக்குழாய் டேம்பர்களும், தனிக் குப்பியில் கூடுதல் எண்ணெய் வைத்திருக்கும் டேம்பர்களும் இந்தப் பிரச்சினைக்காகவே வந்தவை.

அடுத்தது வலிமை. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் டேம்பர் வெறும் டேம்பர் இல்லை. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுதான். வீட்டுக் காரின் தண்டு 20, 22 மி.மீ. தடிமன்தான் இருக்கும். கல்லில் பக்கவாட்டாக மோதினால் வளைந்துவிடும். ராலி ஸ்ட்ரட்டில் டேம்பரைத் தலைகீழாகக் கவிழ்த்து, 40 மி.மீ.க்கு மேல் தடித்த அதன் உடலையே கூட்டுக்குள் சறுக்கவிடுவார்கள். வளைவது வெகுவாகக் குறையும். ரைகர், ஒலின்ஸ், பில்ஸ்டீன் போன்ற நிறுவனங்களின் மண் ஸ்ட்ரட்டுகள் இந்த அமைப்பில் வருகின்றன.

டேம்பர் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021 கென்யா சஃபாரி ராலி சாட்சி. 19 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ராலி உலக சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியிருந்தது. ஹியூண்டாய் ஓட்டிய தியெரி நூவில் கிட்டத்தட்ட ஒரு நிமிட முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். அன்றைய முதல் ஸ்டேஜிலேயே பின்பக்க டேம்பர் போய், ராலியும் போயிற்று. டொயோட்டாவில் வந்த செபாஸ்டியன் ஓஜியே ஜெயித்தார்.

டேம்பரில் "லோ ஸ்பீட்", "ஹை ஸ்பீட்" என்று இரண்டு திருகு இருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஒன்று, வேகமாக ஓட்டும்போது ஒன்றா?

இல்லை. கார் எத்தனை கி.மீ. வேகத்தில் போகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேம்பர் தண்டு உள்ளே எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் கணக்கு. 150 கி.மீ. வேகத்தில் வழவழப்பான வளைவில் கார் சாயும்போது தண்டு மெதுவாகத்தான் நகரும்: அது லோ ஸ்பீட். 40 கி.மீ.யில் ஒரு கருங்கல்லில் ஏறினால் தண்டு சட்டென்று பாயும்: அது ஹை ஸ்பீட்.

ஆகவே சாய்வது, பிரேக்கில் மூக்கு குத்துவது, திருப்பியதும் கார் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கேட்கிறது என்பதெல்லாம் லோ ஸ்பீட் திருகில். கல், குழி, குதித்து இறங்குவது எல்லாம் ஹை ஸ்பீட் திருகில். மண்ணில் நல்ல செட்டிங் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: லோ ஸ்பீடு ஓரளவு பிடித்திருக்கும், ஹை ஸ்பீடு விட்டுக்கொடுக்கும். காரின் உடல் கட்டுக்குள் இருக்கும், கல் வந்தால் சக்கரம் மட்டும் விலகிக்கொள்ளும். இந்தப் பிரிவு இல்லாத மலிவு டேம்பரில் ஒன்றை இறுக்கினால் மற்றதும் இறுகிவிடும். காசு எங்கே போகிறது என்று கேட்டால், இங்கேதான்.

ரீபவுண்டை நன்றாக இறுக்கினால் கார் தரையோடு ஒட்டி நிற்கிறது. அது நல்லதுதானே?

பார்க்கிங்கில் காரை அமுக்கிப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஸ்பிரிங் மறுபடி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதை அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுக்கத் திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மறுபடி அமுங்கும், மறுபடி பாதிதான் திரும்பும். வரிசையாக வரும் அலைமேடுகளில் நாலைந்து தாண்டுவதற்குள் கார் தன் டிராவலையெல்லாம் தின்றுவிட்டு, பம்ப் ஸ்டாப்பில் (டிராவல் முடியும் இடத்தில் அடியைத் தாங்கும் ரப்பர்) உட்கார்ந்துவிடும். அப்புறம் ஓட்டுநர் இறங்கிவந்து "ஸ்பிரிங் ரொம்ப சாஃப்ட், அடி தட்டுது" என்பார். ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். பிரச்சினை அப்படியே இருக்கும்.

அடி தட்டுகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் தளர்த்திப் பார்க்கச் சொல்வது ரீபவுண்டைத்தான். தளர்த்தியும் சரியாகவில்லை என்றால் பிறகு கம்ப்ரஷன் (அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), அதன் பிறகே ஸ்பிரிங்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரீபவுண்ட் மிகவும் தளர்ந்திருந்தால், குதித்து இறங்கியதும் கார் மறுபடி எகிறும். ஸ்பிரிங்கை இரட்டிப்புக் கடினமாக்கினால் டேம்பிங்கும் சுமார் 1.4 மடங்கு தேவைப்படும் என்பது இயற்பியல். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுக் கிளிக்கைத் தொடாமல் விட்டால் கணக்கு இடிக்கும்.

மண் ரோடு என்றால் எல்லாம் ஒன்றுதானே?

மண்ணுக்கும் தாருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியளவு மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே இருக்கிறது.

ஃபின்லாந்து ரோடுகள் மண்தான். ஆனால் அகலமானவை, கெட்டியானவை, வழவழப்பானவை. ஓஉனின்போஹ்யா போன்ற ஸ்டேஜ்களில் கார் பறந்து பறந்து இறங்கும். அங்கே காரைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்கி, இறங்கும் அடியைத் தாங்க ஹை ஸ்பீட் கம்ப்ரஷனையும் பம்ப் ஸ்டாப்பையும் நம்புவார்கள். கிரீஸின் அக்ரோபொலிஸ் ராலியிலும் மண்தான், ஆனால் பாறை துருத்திக்கொண்டு நிற்கும் மலைப்பாதை. அங்கே கார் உயரமாக, மென்மையாக, ஹை ஸ்பீட் திருகு திறந்து இருக்க வேண்டும். ஃபின்லாந்து செட்டிங்கோடு கிரீஸுக்குப் போனால் சக்கரம் பஞ்சர் ஆகும், இல்லை சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் வளையும். கென்யாவில் இரண்டுக்கும் மேலே, பவுடர் மாதிரி ஆழமான புழுதி. அங்கே உயரம்தான் உயிர்.

நம் பக்கத்தில் சிக்மகளூர் காப்பித் தோட்டப் பாதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறுகலானவை, வளைவுகள் அடுத்தடுத்து வரும், நிழலில் ஈரம் காயாமல் கிடக்கும். வேகம் குறைவு என்பதால் குதித்து இறங்கும் கவலை குறைவு, இழுவைதான் பிரச்சினை. முன்பக்கத்தை மென்மையாக வைத்தால் முன்சக்கரம் சேற்றுக்குள் பிடி தேடிக்கொள்ளும். கோவைப் பக்கத்துத் திறந்த வெளிச் செம்மண் நேர் எதிர்: காய்ந்து இறுகிய தரை, மேலே உருளும் சரளை, நீளமான நேர் ரோடு. அங்கே லோ ஸ்பீடைக் கொஞ்சம் பிடித்தால் கார் அலையாமல் போகும்.

அதே ஸ்டேஜை மதியம் இரண்டாம் முறை ஓட்டும்போது அது காலையில் பார்த்த ரோடாக இருக்காது. முன்னால் போனவர்கள் சரளையைத் தள்ளிவிட்டு, இரண்டு சால் உழுது வைத்திருப்பார்கள். நடுவில் திட்டு நிற்கும், அதில் சம்ப் கார்டு (எஞ்சினின் அடியைக் காக்கும் தகடு) உரசும். சர்வீஸில் காரை 10 மி.மீ. உயர்த்தி, ஹை ஸ்பீட் கம்ப்ரஷனை ஒன்றிரண்டு கிளிக் திறந்துவிட்டுப் போவது வீணாகாது.

தார் ராலிக்கு ரேஸ் கார் சஸ்பென்ஷன் போடலாமா?

வேண்டாம். ராலியின் தார், டிராக்கின் தார் இல்லை. கட்டலோனியா மாதிரி டிராக் போலிருக்கும் ரோடுகள் விதிவிலக்கு. குரோஷியாவில் எல்லோரும் வளைவின் உட்புறத்தை வெட்டிப் போவதால் மண்ணும் கல்லும் ரோட்டுக்கு இழுபட்டு வரும். பெல்ஜியத்தின் ஈப்ர் ராலியில் வயல்களுக்கு நடுவே குறுகலான ரோடு, ஓரமெல்லாம் பள்ளம். உட்சக்கரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஏற வேண்டியிருக்கும். ரேஸ் கார் சஸ்பென்ஷனுக்கு அதற்கான டிராவல் இருக்காது.

தாருக்குத் தேவை இவை: மண்ணை விடத் தாழ்ந்த உயரம், கடினமான ஸ்பிரிங், தடித்த ஆன்ட்டி ரோல் பார், முன்சக்கரத்துக்கு மைனஸ் 2.5 முதல் 3.5 டிகிரி கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாயும் கோணம் (மண்ணில் 1 முதல் 1.5 போதும்). மழை வந்தால் இதையெல்லாம் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஈரத் தாரில் ஆன்ட்டி ரோல் பாரை மென்மையாக்குவதுதான் சீக்கிரம் பலன் தரும் வழி.

மேக்ஃபர்சன் கார்களை மிகவும் தாழ்த்துவதில் ஒரு சிக்கல் உண்டு. கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், கார் சுழன்று சாயும் மையம் காரைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். விளைவு, தாழ்த்திய கார் அதிகமாகச் சாயும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்டாப்வாட்சுக்கு இருக்காது.

பனி ராலிக்கு என்ன மாறும்?

நமக்கு உடனே தேவைப்படாது என்றாலும் பலர் ஆர்வமாகக் கேட்பதால் சொல்கிறேன். ஸ்வீடனில் தரை உறைந்து கெட்டியாக இருக்கும். ஒவ்வொரு டயரிலும் நூற்றுக்கணக்கான ஆணிகள். குறுகலான அந்த டயர் பனியை வெட்டி ஐஸைக் கடித்துப் பிடிக்கும். பிடிப்பு நாம் நினைப்பதை விட அதிகம், வேகமும் அதிகம். அடிப்படை மண் சஸ்பென்ஷன்தான். பார் மென்மையாகவும், எடை மாற்றம் நிதானமாகவும் இருக்கும்படி வைப்பார்கள். கடுங்குளிரில் டேம்பர் எண்ணெய் தடித்துவிடும் என்பதால் முதல் சில கி.மீ. கார் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

மான்டே கார்லோ இன்னும் கொடுமை. ஒரே ஸ்டேஜில் காய்ந்த தார், ஈரம், ஐஸ், பனி எல்லாம் வரும். அங்கே தார் செட்டிங்கையே மென்மையாக்கிக்கொண்டு போவார்கள். எதற்கும் முழுசாகப் பொருந்தாது என்பது தெரிந்தேதான்.

ஆன்ட்டி ரோல் பாரைக் கழற்றிவிடலாமா?

கரடான மண்ணில் முன்பக்க பாரைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கட்டிப்போடும் கம்பி. ஒன்று கல்லில் ஏறினால் மற்றதையும் தூக்கப் பார்க்கும். முன்சக்கர இயக்கக் காரில் முன் பாரைத் தளர்த்தினால் திருப்பத்தின் உட்புற டயர் தரையை விடாது, இழுவை கூடும். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் கடினம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கார் நேராகவே போகும், திரும்பாது.

காரை எவ்வளவு உயர்த்தலாம்?

டிரைவ் ஷாஃப்ட் அனுமதிக்கும் அளவுக்கு. உயர்த்த உயர்த்த ஷாஃப்டின் ஜாயின்ட் சாயும் கோணம் கூடும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது கோணம் எல்லை மீறினால் ஜாயின்ட் கடித்துக்கொண்டு உடையும், அல்லது கழன்று வரும்.

இதைச் சோதிக்க வழி ஒன்றுதான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் டேம்பரோடு ஸ்ட்ரட்டை மாட்டுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை அடிமட்டத்திலிருந்து உச்சி வரை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்றும் அப்போதே அளந்துவிடலாம். அரைநாள் வேலை. பலர் இதைச் செய்வதில்லை. முதல் ராலியிலேயே ஷாஃப்ட் உடைந்து திரும்புபவர்களில் பாதிப் பேர் இந்த அரைநாளை மிச்சப்படுத்தியவர்கள் என்பது என் சந்தேகம்.

கூடவே, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடக்கூடாது. ஆடினால் மேலே ஒரு சின்ன உதவி ஸ்பிரிங் சேர்க்க வேண்டும்.

கடையில் கிடைக்கும், காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போடலாமா?

ராலிக்கு வேண்டாம். அது அழகுக்கு.

டயரும் இதில் சேருமா?

சேரும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் டேம்பர் இல்லாத ஸ்பிரிங். உலக ராலி கார்கள் மண்ணில் 15 அங்குலச் சக்கரமும் தாரில் 18 அங்குலச் சக்கரமும் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும். கல்லின் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். பெரிய சக்கரத்துக்குள் பெரிய பிரேக் அடங்கும், பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் திருப்பத்தில் டயர் மடங்காது. டயரை மாற்றிவிட்டுப் பழைய கிளிக்கிலேயே ஓட்டி, சஸ்பென்ஷனைக் குறை சொல்வது நியாயமில்லை. காற்றழுத்தம் 2, 3 பவுண்டு மாறினாலே கார் வேறு மாதிரி இருக்கும்.

டெஸ்ட் செய்யும்போது எந்த வரிசையில் போவது?

முதலில் 2, 3 கி.மீ. நீளமுள்ள ஒரு ரோடு. நீங்கள் ஓட்டப்போகும் ராலியின் தரையை ஒத்ததாக இருக்க வேண்டும். தனியார் நிலமாக, அனுமதியோடு. பொது ரோட்டில் இந்த வேலை கூடாது.

உயரத்தையும் அலைன்மெண்ட்டையும் சரிசெய்து எழுதிவையுங்கள். கிளிக்குகளை முழுக்க இறுக்கி, அங்கிருந்து எத்தனை திறந்தீர்கள் என்று எண்ணுங்கள். எப்போதும் இறுக்கிய நிலையிலிருந்தே எண்ண வேண்டும். திறந்த நிலையிலிருந்து எண்ணினால் டேம்பருக்கு டேம்பர் மாறும். நான்கு டேம்பரையும் நடு நிலையில் வைத்து ஓட்டுங்கள். சறுக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டால் எவ்வளவு டிராவல் பயன்பட்டது என்று தெரிந்துவிடும். ஒரு ஸ்டேஜில் ஒன்றிரண்டு முறை முழு டிராவலும் தீர்ந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறைகூடத் தீரவில்லை என்றால் கார் தேவைக்கு மேல் கடினம். நிமிடத்துக்கு நிமிடம் தட்டினால் மேலே ரீபவுண்ட் கேள்வியில் சொன்ன வரிசையில் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதுவும் பெரிதாக, 4, 5 கிளிக். ஒரு கிளிக் மாற்றினால் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்லும் புது ஓட்டுநரை நான் நம்ப மாட்டேன். நடுவில் ஒரு தடவை ஓட்டுநருக்குச் சொல்லாமல் பழைய செட்டிங்குக்கே திரும்பிப்போய் ஓட்டவிட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

எத்தனை ராலிக்கு ஒருமுறை சர்வீஸ்?

டேம்பர் செய்த நிறுவனம் சொல்லும் கி.மீ. கணக்கைப் பின்பற்றுங்கள். அது போட்டி கி.மீ., வீட்டிலிருந்து ராலிக்கு ஓட்டிப்போகும் கி.மீ. இல்லை. கரடான ராலி முடிந்ததும் கழற்றி, எண்ணெய்க் கசிவு, சீல், வாயு அழுத்தம், குழாயில் கீறல், மேல் மவுன்ட்டின் பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும். தலைகீழ் ஸ்ட்ரட்டுகளில் புஷ் (டேம்பர் உடல் சறுக்கும் உள்வளையம்) தேய்ந்தால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போதே தெரியும். கிரீஸ் காயவிட்டால் அது சீக்கிரம் தேயும். புழுதியும் சேறும் சீலுக்கு எமன். உறை கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

டேம்பர் மட்டும் வலுவாகி, அதைத் தாங்கும் இடம் பழைய தகடாகவே இருந்தால் மேல் மவுன்ட் பகுதி கிழியும். ஸ்ட்ரட் டவரின் வெல்டிங்கை வலுப்படுத்துவதும் இந்தச் செலவில் சேர்ந்ததுதான். எந்த அளவு வலுப்படுத்தலாம் என்பது நீங்கள் ஓடும் பிரிவின் விதியைப் பொறுத்தது. அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகே வெல்டிங் மெஷினைத் தொடுங்கள்.

பழைய ராலி டேம்பர் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வாங்கலாம். புது மலிவுச் செட்டை விட, பழைய நல்ல செட்டே என் தேர்வு. ஆனால் விலை பேசும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தக் காருக்குச் செய்தது? கார் மாறினால் நீளமும் வால்விங்கும் (உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) மாறும், 1,300 கிலோ நான்கு சக்கர இயக்கக் காருக்குச் செய்ததை 1,050 கிலோ ஹேட்ச்பேக்கில் போட்டால் கிளிக்கை முழுக்கத் திறந்தாலும் கடினமாகவே இருக்கும். இரண்டாவது, சீலும் புஷ்ஷும் இன்னும் கிடைக்கிறதா? மூன்றாவது, அதைத் திறந்து, எண்ணெய் மாற்றி, டைனோவில் (டேம்பரைச் சோதிக்கும் இயந்திரம்) ஓட்டிக் காட்ட நம் நாட்டில் ஆள் உண்டா, இல்லை ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டுமா? கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது.

நேரில் பார்க்கும்போது தண்டைக் கையால் அமுக்கிவிட்டு விடுங்கள். நைட்ரஜன் இருந்தால் தானாக வெளியே வரும். வரவில்லை என்றால் வாயு போயிருக்கிறது. சரிசெய்யக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேளுங்கள். சறுக்கும் குழாயில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். புது குழாயின் விலையைக் கேட்டால் ஏன் என்று புரியும்.